சர்ச் சமூகக் கூடத்துக்கு வெளியாள் ஒருவர் அடிக்கடி போவது சரியா?

நாலாம்மாடி எழுதியது:

வணக்கம். மதச் சண்டைக்கு இதைக் கேட்கவில்லை, தயவுசெய்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வேலைக்காக ஒரு பெரிய நகரத்துக்கு வந்து தனியாக இருக்கிறேன். அலுவலகம் விட்டால் வீடு, வீடு என்றால் ஒரே ஓர் அறை. பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பை எனக்குத் தெரியும், முகம் தெரியாது. தெருமுனையில் பழைய சர்ச் ஒன்று, அதை ஒட்டினாற்போல் ஒரு சமூகக் கூடம். கீழே பெரிய ஹால், மாடியில் சின்னச் சின்ன அறைகள், அதில் ஒன்றில் புத்தக அலமாரியும் நீளமான மேசையும். சாயங்காலம் யாரும் வந்து உட்காரலாம் என்று வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு நாள் உள்ளே போனேன், அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

நான் கிறிஸ்தவர் இல்லை. எந்தச் சாமியிடமும் எனக்கு அவ்வளவு நெருக்கமும் கிடையாது. ஆனாலும் அந்த இடம் பிடித்திருக்கிறது. வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது, அதைப் படிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். தையல் வகுப்பு, பத்தாம் வகுப்புக் கணக்கு, ரத்த தானம், குடியை விட்டவர்களின் கூட்டம், மாடி அறை ஈரமாக இருப்பதால் இந்த வாரம் இசைப் பயிற்சி கிடையாது, கறுப்புக் குடையை மாற்றி எடுத்துப் போனவர் தயவுசெய்து திருப்பி வைக்கவும். ஒரு தாள் மேல் இன்னொரு தாள், ஒரே குண்டூசியில் மூன்று காகிதம். நகரத்தில் வேறெங்கும் இத்தனை விதமான மனிதர்கள் ஒரே கதவு வழியாகப் போய் வருவதை நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கிட்டத்தட்ட என் வயது, என் படிப்பு, என் புலம்பல். இங்கே என் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிச் சிறுமி, இங்கிலீஷ் கட்டுரையில் பாதிக்கு மேல் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறாள்.

இதில் எனக்கு ஒரு சங்கடம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆள் நான். காணிக்கை போட்டதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஆனால் அவர்கள் பணத்தில் எரியும் விளக்குக்குக் கீழேதான் உட்கார்ந்து படிக்கிறேன். இது ஓசியில் அனுபவிப்பது இல்லையா? என்றைக்காவது "ஏம்மா, ஆராதனைக்கும் வாயேன்" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அம்மாவிடம் போனில் சொன்னேன், "அங்க எதுக்குடி போற, உனக்கு வேற இடமே கிடைக்கலையா" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மையிலேயே கிடைக்கவில்லை. அதுவும் ஒரு கேள்விதான்.

இந்த மாதிரி இடங்களோடு பழக்கம் உள்ளவர்கள், உள்ளே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


சாவிக்கொத்து எழுதியது:

தங்கச்சி, நான் உள்ளே இருந்தவன். எங்கள் சபையின் ஹால் பதிவுப் பொறுப்பு பல வருடம் என் தலையில்தான் இருந்தது. அதாவது சாவி என்னிடம், ரிஜிஸ்டர் என்னிடம், திட்டும் எனக்கு.

முதலில் ஓசி விஷயத்தை முடித்துவிடலாம். நீங்கள் வந்து உட்கார்வதால் அவர்களுக்கு ஒரு பைசாகூடச் செலவு அதிகமாகாது. அந்தக் கட்டிடத்தில் பணம் தின்பது கூரையும் குழாயும் வயரிங்கும்தான், அவை ஆள் வந்தாலும் தின்னும், வராவிட்டாலும் தின்னும். பூட்டியே கிடக்கிற ஹால்தான் சீக்கிரம் பாழாகும். ஜன்னல் திறக்காமல் ஈரம் ஏறும், கரையான் வந்தாலும் யார் கண்ணிலும் படாது, உடைந்த தாழ்ப்பாளை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆட்கள் புழங்கும் இடத்தில் "அண்ணா, பாத்ரூம் குழாய் ஒழுகுது" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார்.

அப்புறம், எல்லாமே இலவசமாக நடக்கிறது என்று நினைக்காதீர்கள். பலகையில் பார்த்தேன் என்றீர்களே, குடியை விட்டவர்களின் கூட்டம். அது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவாக இருந்தால் கட்டாயம் வாடகை கொடுப்பார்கள். 1935ல் அமெரிக்காவில் தொடங்கியது, உலகம் முழுக்க ஏராளமான கூட்டங்கள் சர்ச் ஹாலில்தான் நடக்கின்றன, ஆனால் அது எந்தச் சபையையும் சேர்ந்தது கிடையாது. வெளியார் பணம் வாங்காமல் ஒவ்வொரு குழுவும் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய மரபுகளில் ஒன்று. நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் உறையில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கல்யாண வரவேற்புக்கு ஹால் எடுக்கும் பெரிய மனிதர்களிடம்தான் பாக்கியை வசூலிக்க நாலு தடவை போன் போட வேண்டியிருக்கும்!

நிஜமான தலைவலி வேறு. நேரம். கீழே துக்கத்தில் இருப்பவர்களுக்கான கூட்டம், மேலே அதே நேரத்தில் பிள்ளைகளின் நடன வகுப்பு. ஒருவர் அழுதுகொண்டு பேசும்போது தலைக்கு மேல் தடதடவென்று சத்தம். யாரை மாற்றுவது? நடன ஆசிரியைக்கு வேறு நாள் கிடையாது, கூட்டத்தை நடத்துபவருக்கு ஷிப்ட் வேலை. ரெண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக வந்து "அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்பார்கள். கடைசியில் மேலே பாய் விரித்து ஒப்பேற்றினோம், சத்தம் பாதிதான் குறைந்தது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். வாசலில் வருகைப் பதிவேடு இருந்தால் ஒவ்வொரு முறையும் பெயர் எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நகரத்தின் நடுவில் இருக்கிற எந்தச் சர்ச் ஹாலும் விலை மதிப்புள்ள நிலத்தில்தான் நிற்கிறது. சில வருடத்துக்கு ஒரு முறை கமிட்டியில் ஒருவர் எழுந்து, இதை இடித்துக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் சபைக்கு வருமானம் என்பார், சொல்வதிலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அப்போது எதிர்த்துப் பேசுகிறவர் கையில் ரிஜிஸ்டர் ஒன்றுதான் ஆயுதம். எங்கள் கமிட்டியில் நான் எடுத்து நீட்டியிருக்கிறேன். பக்கம் பக்கமாகப் பெயர்கள், அதில் பாதிக்கு மேல் சபைக்கு வெளியே உள்ளவர்கள். பேச்சு அன்றைக்கு அங்கேயே நின்றது. மறுபடி வராது என்று சொல்லமாட்டேன்.

நாற்காலி விஷயமும் ஒன்று. எழுந்து போகும்போது அடுக்கிவிட்டுப் போங்கள். நடந்த சண்டையில் முக்கால்வாசி நாற்காலியை யார் அடுக்குவது என்பதில்தான் தொடங்கியது.


எதிர்க்காற்று எழுதியது:

சாவிக்கொத்து அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நல்ல சபையில் நல்ல மனிதராக இருந்திருக்கிறார். ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை என்று யாராவது சொல்லவேண்டும், அதனால் நான் சொல்கிறேன்.

சின்ன வயதில் என்னையும் தம்பியையும் ஒரு சபை நடத்திய இலவச டியூஷனில் சேர்த்துவிட்டார்கள். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. முதலில் பாடம் மட்டும். அப்புறம் பாடத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு ஜெபம், சரி, அதில் ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் வீட்டுக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள். அப்பா மரியாதையாக வேண்டாம் என்று சொன்ன வாரத்திலிருந்து தம்பிக்கு முன் வரிசையில் இடம் இல்லை, நோட்டு கிடைக்கவில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் புரியும் இல்லையா? நாங்களே நின்றுவிட்டோம்.

அதனால் நாலாம்மாடிக்கு நான் சொல்வது, அவர்கள் கேட்கிறார்களா என்பது பெரிய விஷயமே இல்லை. தன் நம்பிக்கை நல்லது என்று நினைப்பவர் ஒரு தடவை கூப்பிடத்தான் செய்வார், அது தப்பும் இல்லை. நீங்கள் "இல்லைங்க, வரலை" என்று சொன்ன அடுத்த நாள் என்ன மாறுகிறது என்று பாருங்கள். அதே மேசை, அதே சிரிப்பு என்றால் கவலையே வேண்டாம், போய் உட்காருங்கள். போன் நம்பரும் வீட்டு முகவரியும் எதற்குக் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பதிவேட்டில் பெயர் போதும்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். வேறு இடம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஏன் போகிறபோக்கில் எழுதினீர்கள்? லட்சக்கணக்கான பேர் வரி கட்டும் நகரத்தில், வேலை முடிந்து வருகிற ஒரு பெண் காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், யாரும் முறைக்காமல் ஒரு மணி நேரம் உட்கார இடம் இல்லை. பூங்காவை இருட்டினதும் பூட்டிவிடுகிறார்கள். நூலகம் நாம் அலுவலகம் விட்டு வருவதற்குள் மூடுகிறது. இருக்கிற இடமெல்லாம் ஏதாவது வாங்கினால்தான் நாற்காலி. அரசாங்கம் செய்யவேண்டிய வேலையைச் சர்ச் செய்கிறது, கோயில் செய்கிறது, மசூதி செய்கிறது, நாமும் அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நகராட்சியை மறந்துவிடுகிறோம். கூடத்துக்குப் போங்கள், ஆனால் நூலகத்தைக் கூடுதல் நேரம் திறக்கச் சொல்லி ஒரு மனுவும் போடுங்கள்.


வெள்ளிக்கிழமைக்காரி எழுதியது:

எதிர்க்காற்று தம்பி, அந்த டியூஷன் கதையைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. அப்படி நடக்கும், நடக்கவே நடக்காது என்று நான் மழுப்பப்போவதில்லை. நான் பிறந்ததிலிருந்து சபையில் இருப்பவள், பழைய துணிகளைப் பிரித்து மடித்து வைக்கும் வெள்ளிக்கிழமைக் குழுவில் இருக்கிறேன், பெயர் அதனால்தான்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் இங்கே போடுகிற இதே சண்டையை நாங்கள் உள்ளேயும் போடுகிறோம். வருடாந்திரக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஹாலுக்கு இவ்வளவு பேர் வருகிறார்களே, அதில் எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள்?" என்று கேட்பார். இன்னொருவர் எழுந்து, பசித்தவனிடம் முதலில் மதத்தைக் கேட்கச் சொல்லி எந்த வசனத்தில் இருக்கிறது என்பார். போதகர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக இது முடிந்ததே இல்லை. முடிந்துவிட்டால்தான் பயப்படவேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்றால், காந்தி தங்கிய இடத்தின் பக்கம். 1931ல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோது அவர் பெரிய ஹோட்டலில் தங்கவில்லை. கிழக்கு லண்டனில், தொழிலாளர்கள் வசிக்கும் போ என்ற பகுதியில், கிங்ஸ்லி ஹால் என்ற சமூகக் கூடத்தில் மொட்டைமாடியில் இருந்த சின்ன அறையில் சுமார் 12 வாரம் தங்கினார். மியூரியல் லெஸ்டர், டோரிஸ் லெஸ்டர் என்ற சகோதரிகள் இறந்துபோன தம்பியின் பெயரில் 1915ல் தொடங்கியது அது. மியூரியல் ஆழ்ந்த கிறிஸ்தவர், அங்கே வழிபாடும் உண்டு. காந்தி காலையில் அந்தத் தெருக்களில் நடப்பார், பிள்ளைகள் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு கூடவே ஓடுவார்கள். அவர் காந்தியாகவே வந்து காந்தியாகவே போனார், அதனால் மியூரியலின் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. எங்கள் பெரியவரிடம் இதைச் சொன்னால், "அது காந்தி, இது கேரம் விளையாட வருகிற பசங்க" என்பார். அந்தப் பதிலிலும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது, அதுதான் எரிச்சல்.

லண்டனிலேயே இன்னொன்று. சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்காக 1953ல் தன் சர்ச்சிலேயே ஒரு தொலைபேசியை வைத்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவரைப் பார்ப்பதற்காகக் காத்திருக்கும்போது பேச்சுத்துணைக்கு உட்கார்ந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். கொஞ்ச நாளில் பார்த்தால், பலர் அவர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே ஆறுதலோடு திரும்பிப் போனார்கள். அவர் அடுத்த வருடமே கேட்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு, மதம் சாராதது. காத்திருக்கும் அறையில்தான் வேலை நடக்கிறது என்று ஒரு பாதிரியாரே கண்டுபிடித்து ஒத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எனக்கும் அது நடந்தது. அப்பா போன பிறகு ரொம்ப நாள் என்னால் ஆராதனையில் உட்கார முடியவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் தொண்டை அடைக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிடிப்பார்கள், அது இன்னும் மோசம். ஆனால் ஹாலில் துணி மடிக்க முடிந்தது. அங்கே பேச்செல்லாம் பட்டன் அறுந்த சட்டையைக் கொடுக்கலாமா, ஜிப் போன பையை என்ன செய்வது, இவ்வளவுதான். ஒரு வயதான அம்மா ஒவ்வொரு பேண்டின் பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்ப்பார், பஸ் டிக்கெட், சில்லறை, ஒரு தடவை யாருடைய பால் பல்லோ ஒன்று காகிதத்தில் சுற்றி. அன்றைக்கு எல்லோரும் சிரித்ததில் நானும் சிரித்தேன். ஆக, பாப்பா, அந்தக் கூடம் வெளியாட்களுக்காக மட்டும் திறந்திருக்கவில்லை. சபையில் பிறந்தவர்களுக்கும் சர்ச்சுக்குள் போக முடியாத நாட்கள் வரும், அப்போது நாங்களும் அந்தப் பக்கக் கதவு வழியாகத்தான் வருகிறோம்.


ஜன்னல்சீட் எழுதியது:

எல்லோரும் சீரியஸாகப் பேசுகிறீர்கள், என் பங்குக்கு ஒரு தகவல். கூடைப்பந்து 1891ல், கைப்பந்து 1895ல், ரெண்டுமே அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்து ஆட்கள் கண்டுபிடித்தவை. அந்த அமைப்பே 1844ல் லண்டன் துணிக்கடைகளில் வேலை பார்த்த, வேலை முடிந்தால் போக்கிடம் இல்லாத இளைஞர்களுக்காகத் தொடங்கியதுதான். ஆரம்பம் பைபிள் வகுப்பு, முடிவு வாலிபால் கோர்ட். இத்தனை வருடம் விளையாடியும் என்னிடம் யாரும் காணிக்கை கேட்கவில்லை, கேட்டிருந்தால் பந்து வாங்கிக் கொடுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமைக்காரி அக்கா, அந்தப் பல்லை என்ன செய்தீர்கள்?


வெள்ளிக்கிழமைக்காரி எழுதியது:

ரிஜிஸ்டர் மேசை டிராயரில் இருக்கிறது. தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை.


நாலாம்மாடி எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி.

பதிவேடு இருக்கிறது. இத்தனை நாள் அது ஏதோ செக்யூரிட்டிக்காக என்று நினைத்து ஒரு கிறுக்கல் போட்டுவிட்டுப் போவேன். இனிமேல் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நேற்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். நடத்துநர் ஐயா பல வருடமாக வருகிறார் போல, "எதற்காக வந்தீர்கள்" என்ற கட்டத்தில் எல்லா நாளும் "சும்மா" என்றே எழுதியிருக்கிறார்.

எதிர்க்காற்று சொன்ன சோதனைக்கு வாய்ப்பும் வந்துவிட்டது. புத்தக அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஞாயிற்றுக்கிழமை விழா ஒன்றுக்குக் கூப்பிட்டார். ஆராதனைக்கு வரமாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றேன். "சரிம்மா" என்றார், சொல்லிவிட்டு அதே மூச்சில், அன்றைக்கு மதியம் நாற்காலி எடுத்துப்போட ஆள் குறைகிறது, அதற்காவது வருவாயா என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, சொல்லப்போனால் நாற்காலிக்கு ஆள் கிடைத்ததில்தான் அவருக்கு அதிகச் சந்தோஷம் என்று தோன்றியது.

நூலக மனு விஷயம் மனதில் உறுத்துகிறது. நடத்துநர் ஐயாவிடம் சொன்னேன், மனு எழுதுவதில் தனக்கு அனுபவம் உண்டு, யூனியனில் இருந்தபோது எக்கச்சக்கமாக எழுதியிருக்கிறேன் என்று கண் பளபளக்கச் சொன்னார். அந்தச் சிறுமியைச் சுத்தமாக நகல் எடுக்கச் சொல்லப் போகிறாராம், கையெழுத்துக்கு நல்ல பயிற்சி என்று.

அம்மாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. நாற்காலி எடுத்துப்போடப் போகிறேன் என்றால், "வீட்ல ஒரு டம்ளரை எடுத்து வச்சிருக்கியாடி நீ" என்பார்.

சாவிக்கொத்து அண்ணா, ஒரு கேள்வி. நாற்காலியை அடுக்கும்போது ஒன்றுக்கு மேல் எத்தனை வரை போகலாம்? இங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.


சாவிக்கொத்து எழுதியது:

பிளாஸ்டிக் என்றால் பத்து, அதுவும் சுவரோரமாக. பன்னிரண்டு போடலாம் என்று ஒருவர் அடித்துச் சொல்வார், எல்லா ஹாலிலும் அப்படி ஒருவர் உண்டு, அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அப்புறம், கால் விரிசல் விட்ட நாற்காலியைப் பார்த்தால் அடுக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்து, புத்தக அறை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், விழாவன்று அதில்தான் யாராவது கனமான ஆள் வந்து உட்காருவார்.